யாரிடமும் கேட்காத கேள்விகள்

"உங்கள் போனைத் திறந்தபடியே ஒரு மணித்தியாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சகோதரியிடம் கொடுப்பீர்களா?"

கல்முனையில் பெண்களுக்காக நாம் நடத்திய ஒருநாள் பயிற்சியை இந்தக் கேள்வியோடுதான் ஆரம்பித்தேன். மருதமுனை, நற்பிட்டிமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களிலிருந்து வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவரும் கையை உயர்த்தவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு மாமி மட்டும் சொன்னார்: "கழுத்தில கிடக்கிற மாலையக் கேட்டாலும் கழட்டித் தருவன் மகள், போனத் தரமாட்டன்."

சிரிப்பு அடங்கிய பிறகு, போனுக்குள் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். படங்கள் என்றார் ஒருவர். வட்ஸ்அப் என்றார் இன்னொருவர். சற்று நேரம் கழித்து ஓர் இளம் பெண் மெதுவாக, "நாம தேடுறதெல்லாம் அதுக்குள்ளதானே இரிக்கி ராத்தா" என்றாள். அதன் பிறகு அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த மௌனத்தைப் பற்றி உங்களோடு பேசவே இதை எழுதுகிறேன்.

கிணற்றடியும் தேடல் பெட்டியும்

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் எமது கரையோரத்தின் குடி முறையைப் பற்றி நிறையப் படித்தோம். இங்கே வீடு பெண்ணுக்குச் சேரும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார். உம்மாவின் வளவுக்குள் அல்லது அடுத்த வளவுக்குள் ராத்தா, தங்கச்சி, சாச்சி, பெரியும்மா என எல்லோரும் இருப்பார்கள். மாதவிடாய் பிந்தினாலும், பிள்ளைக்குப் பால் போதாவிட்டாலும், புருசன் கை நீட்டினாலும் போய்க் கேட்பதற்கு ஆள் இருந்தது. கிணற்றடியில் கேள்வியும் பிறந்தது, பதிலும் கிடைத்தது. அந்தப் பதில் சில வேளை பிழையாக இருந்தது. கேட்ட விடயம் மறுநாள் ஊருக்கே தெரிந்ததும் உண்டு. ஆனாலும் கேட்பதற்கு ஒரு முகம் இருந்தது.

யுத்தம் அந்த வளவுகளைக் கலைத்தது. 2004 டிசெம்பர் 26 அன்று கடல் வந்து மீதி இருந்ததையும் கொண்டு போனது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோரத்தில் ஒன்றாக இருந்த குடும்பங்கள் வேறு வேறு வீட்டுத்திட்டங்களுக்குப் பிரிந்தன. உம்மா ஓரிடம், மகள் ஓரிடம். அதற்குப் பிறகு புருசன்மார் கட்டாருக்கும், எத்தனையோ பெண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போனார்கள். கேள்விகள் குறையவில்லை. கேட்பதற்கு ஆட்கள்தான் குறைந்தார்கள்.

அந்த இடத்துக்குத்தான் கையடக்கத் தொலைபேசி வந்தது. அதிலுள்ள தேடல் பெட்டி முகம் சுளிக்காது, "ஏன் கேட்கிறாய்?" என்று கேட்காது, உம்மாவிடம் போய்ச் சொல்லாது. ஆகவே, பெற்ற தாயிடமும் கேட்காததை நாம் அதனிடம் கேட்கிறோம்.

ஆனால் அந்தப் பெட்டி எதையும் இலகுவில் மறப்பதில்லை. அதோடு, எமது சமூகத்தில் வீடு பெண்ணின் பெயரில் இருந்தாலும், போனும் சிம்மும் பெரும்பாலும் ஆணின் பெயரிலேயே இருக்கின்றன.

எண் 4417749

தேடிய சொற்கள் ஒருவரை எந்தளவுக்குக் காட்டிக்கொடுக்கும் என்பதை உலகம் 2006 ஓகஸ்டில் முதன்முதலாகப் பெரிய அளவில் அறிந்துகொண்டது. அமெரிக்காவின் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம், ஆய்வாளர்களுக்கு உதவும் எண்ணத்தோடு, தனது பாவனையாளர்கள் மூன்று மாதங்களில் தேடிய சொற்களைப் பகிரங்கமாக வெளியிட்டது. சுமார் 6 இலட்சத்து 50 ஆயிரம் பேர் தேடிய ஏறத்தாழ 2 கோடித் தேடல்கள் அதில் இருந்தன. ஒருவரின் பெயரும் இருக்கவில்லை. பெயருக்குப் பதிலாக ஆளுக்கோர் எண் இருந்தது. பெயர் இல்லாவிட்டால் ஆளைத் தெரியாது என்று அவர்கள் நினைத்தார்கள்.

நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் செய்தியாளர்கள் இருவர் 4417749 என்ற எண்ணை எடுத்துப் படித்தார்கள். அந்த எண்ணுக்குரியவர் ஒரு சிறிய ஊரின் பெயரைச் சொல்லி அங்குள்ள தோட்ட வேலைக்காரரைத் தேடியிருந்தார். ஒரே குடும்பப் பெயருள்ள பலரைத் தேடியிருந்தார். விரல் மரத்துப்போவதைப் பற்றியும், கண்ட இடமெல்லாம் சிறுநீர் கழிக்கும் நாயைப் பற்றியும், 60 வயதில் தனியாக இருக்கும் ஆண்களைப் பற்றியும் தேடியிருந்தார். இந்தத் துண்டுகளை ஒட்டிப் பார்த்தபோது ஜோர்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த 62 வயதான விதவைப் பெண் ஒருவரின் வீட்டுக் கதவு வரைக்கும் வழி தெரிந்தது. செய்தியாளர்கள் போய்க் கேட்டபோது அவை தனது தேடல்களே என்று அவர் ஒப்புக்கொண்டார். தனது தோளுக்குப் பின்னால் நின்று யாரோ பார்த்துக்கொண்டிருந்ததைத் தான் அறிந்திருக்கவில்லை என்று திகைத்துப் போனார்.

இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள் அநேகமாக இத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த விடயம். அந்தப் பெண் தேடிய நோய்களின் பட்டியலைப் பார்த்தால், உடம்பு முழுவதும் வருத்தமுள்ள ஒரு மூதாட்டி என்றே யாரும் நினைப்பார்கள். உண்மை அதுவல்ல. வருத்தம் என்று மனம் கலங்கியிருந்த தனது சிநேகிதிகளுக்காகவே அவற்றில் பலவற்றை அவர் தேடியிருந்தார். ஆளைச் சரியாகக் கண்டுபிடித்தவர்களாலும் மனதைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நிறுவனம் சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டுப் பட்டியலை அகற்றியது. சம்பந்தப்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். ஆனால் அதற்குள் பலர் அதைப் பிரதி எடுத்துவிட்டார்கள். வெளியே போன சொல்லைத் திரும்ப வாய்க்குள் போட முடியாது என்று எமது மூத்தம்மாமார் சொல்வது இணையத்துக்கும் பொருந்துகிறது.

கட்டாரில் தெரிந்த சொல்

அமெரிக்கா எங்கே, நாம் எங்கே என்று நீங்கள் நினைக்கலாம். எனது கள வேலையில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

கைத்தறி நெசவு செய்யும் ஒரு சகோதரி. கணவர் கட்டாரில் சாரதி. விடுமுறையில் வந்தபோது மனைவிக்கு ஒரு நல்ல போன் கொண்டுவந்து கொடுத்தார். அவளுக்கென்று ஒரு கூகிள் கணக்குத் திறக்காமல் தனது கணக்கையே அதிலும் போட்டுவிட்டுப் போனார். அவர் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்யவில்லை. அது இலகுவாக இருந்தது, அவ்வளவுதான்.

சில மாதங்களுக்குப் பிறகு அவர் அழைப்பதை நிறுத்தினார். மாதாமாதம் வரும் பணமும் வரவில்லை. மூன்று கிழமைகளின் பின் ஒரு குரல்பதிவு வந்தது: "ஒனக்கு என்னோட வாழ விருப்பமில்லாட்டி நேரடியாச் சொல்லியிருக்கலாமே."

நடந்தது இதுதான். அவளது தங்கச்சியைப் புருசன் அடித்துக்கொண்டிருந்தார். தங்கச்சியிடம் போன் இல்லை. ஆகவே இரவு வேளைகளில் ராத்தாவின் போனில் இருவருமாகத் தேடியிருக்கிறார்கள். பஸஹ் எடுப்பது எப்படி, காதி நீதிமன்றத்துக்குத் தனியாகப் போகலாமா, பிள்ளையின் செலவுக்குக் கேட்கலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி ஆஜராக முடியாது. தனக்காகத் தானே பேச வேண்டிய பெண், பேசுவதற்கு முன் எங்கேயாவது கேட்டுத் தெரிந்துகொள்ளத்தானே வேண்டும்? அந்தத் தேடல்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் டோஹாவில் இருந்த கணவரின் போனில் தெரிந்தன. ஒரே கணக்குக்குள் இருக்கும் இரண்டு போன்களும் ஒரே கொப்பியில் எழுதும் இரண்டு பேனைகள் போன்றவை.

முடிவில் தங்கச்சியே மச்சானுக்கு அழைத்து, தனது உடம்பிலிருந்த காயங்களைப் பற்றிச் சொன்ன பிறகுதான் அந்தக் குடும்பம் சமாதானமானது. ஒருத்தியின் சந்தேகத்தைத் தீர்க்க இன்னொருத்தியின் மானத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

நான் செய்த பிழை

பிறரைப் பற்றிச் சொல்லிவிட்டு என்னைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

எமது நிலையத்தில் ஒரு பழைய கம்பியூட்டர் இருக்கிறது. எழுதப் பழகுபவர்களும் விண்ணப்பம் அனுப்புபவர்களும் அதைப் பாவிப்பார்கள். ஒருநாள் காலையில் ஏதோ தேடுவதற்காக ஓர் எழுத்தைத்தான் தட்டினேன். முன்பு தேடியவை கீழே வரிசையாக விழுந்தன. ஓர் ஆணின் பெயர். தமிழில் ஒரு முறை. பிறகு ஆங்கில எழுத்தில் நான்கு விதமான எழுத்துக்கூட்டல்களில். எமது பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொரு கிளாக்கரும் ஒவ்வொரு விதமாகத்தானே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெயரை நான் அறிவேன். 1990 இல் வெளியூருக்குப் போய்த் திரும்பி வராத ஒருவரின் பெயர் அது. அவரது மனைவி எம்மிடம் எழுத்துப் பழக வருபவர். காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற வழிசெய்த 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அவர் சான்றிதழ் எடுத்துவிட்டார். கணவரின் பெயரிலிருந்த வயற்காணியை மகளுக்கு மாற்றுவதற்கு அது தேவைப்பட்டது. 2016 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறும் வழி வந்தபோது அவரது அலுவல்கள் முடிந்திருந்தன. அவரது கோவையில் எனது கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "இழப்பை ஏற்றுக்கொண்டுள்ளார்."

ஏற்றுக்கொண்டவர் எதற்காகத் தேடுகிறார்? நான் பதறிப்போனேன். அடுத்த வகுப்பில், இன்னும் இருவர் இருக்கும்போதே, "மாமி, நீங்க இன்னும் அவரத் தேடுறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். இரண்டு மாதங்கள் வரவில்லை.

பிறகு நான் அவரது வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் தந்துவிட்டு அவர் சொன்னார்: "மகள், அவர் வருவார் எண்டு நான் தேடல்ல. எனக்கு எழுதத் தெரிஞ்சதே உங்கட வகுப்புக்கு வந்த பொறகுதான். அந்தப் பேர எழுதிப் பாக்க எனக்கு வேற எடமில்ல. கொப்பியில எழுதினா மகள் கண்டு அழுவாள்."

சான்றிதழ் ஒன்று சொல்கிறது. எனது கோவை ஒன்று சொல்கிறது. தேடல் வரலாறு இன்னொன்று சொல்கிறது. மூன்றும் அந்தப் பெண்ணின் மனதைச் சரியாகச் சொல்லவில்லை. அவரிடம் தனிமையில் மெதுவாகக் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். அவரது சம்மதத்தோடுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

எல்லோருடைய கேள்விகளும் சேரும்போது

தேடல்களைப் பார்ப்பது எப்போதும் தீமை என்று நான் சொல்ல வரவில்லை. ஆளைக் காட்டாமல் இலட்சக்கணக்கானோரின் தேடல்களைச் சேர்த்துப் பார்க்கும்போது, அரசாங்கத்தின் கணக்குகளில் வராத துன்பங்கள் தெரியவருவதுண்டு.

2008 ஐ அடுத்து அமெரிக்காவில் பொருளாதாரம் விழுந்து பலர் வேலை இழந்த காலத்தில், சிறுவர் துஷ்பிரயோகம் பற்றிய முறைப்பாடுகள் குறைந்ததாக உத்தியோகபூர்வக் கணக்குகள் காட்டின. சேத் ஸ்டீவன்ஸ் டேவிடோவிட்ஸ் என்ற ஆய்வாளர் கூகிள் தேடல்களைப் பார்த்தபோது வேறொரு விடயம் தெரிந்தது. அப்பா தங்களை அடிக்கிறார் என்ற கருத்தில் பிள்ளைகள் தேடும் தேடல்கள், வேலையின்மை கூடிய இடங்களிலேயே கூடியிருந்தன. அடி குறையவில்லை, முறைப்பாடுதான் குறைந்தது என்பது அவரது முடிவு. முறைப்பாடு செய்ய முடியாத பிள்ளையும் பெட்டியிடம் கேட்டிருக்கிறது. பொலிசுக்குப் போகாத பெண்களை நாள்தோறும் காணும் எமக்கு இது புதிய செய்தியல்ல.

ஆனால் கூட்டாகப் பார்த்தாலும் பிழையாகப் படிக்கலாம். ஆபாசமான சொல்லைத் தேடுவதில் இலங்கை உலகில் முதலிடம் என்ற செய்தி எமது பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் கூகிள் ட்ரெண்ட்ஸ், எத்தனை பேர் தேடினார்கள் என்று எண்ணிச் சொல்வதில்லை. ஓரிடத்தில் நடக்கும் மொத்தத் தேடல்களில் ஒரு சொல்லுக்குரிய பங்கைப் பார்த்து, அதிகூடிய இடத்துக்கு 100 என்று கொடுத்து, மற்றவற்றை அதனோடு ஒப்பிடுகிறது. மேலும், பாடசாலையில் உடம்பைப் பற்றிய பாடத்தை ஆசிரியர் வெட்கப்பட்டுத் தாண்டிப் போகும் ஒரு நாட்டில், அந்த ஒரு சொல்லைத் தட்டும் பிள்ளை ஆசையில் தட்டுகிறதா, அறியத் தட்டுகிறதா என்று யார் சொல்ல முடியும்?

பயத்திலும் நாம் இதைக் கண்டோம். 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு, 26 ஆம் திகதி சாய்ந்தமருதில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அந்த நாட்களில் எமது பெண்கள் பலர் போனிலிருந்த எல்லாவற்றையும் அழித்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, செய்தியில் கேட்ட ஓர் இயக்கத்தின் பெயர் என்னவென்று அறிவதற்காக அதைத் தேடியிருந்தாள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் பல இரவுகள் நித்திரையில்லாமல் இருந்தாள். கேள்வி கேட்பவளைக் குற்றவாளியாகப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் எவ்வளவு கொடியது!

தடம் எங்கே விழுகிறது?

சகோதரிகளே, பயந்து தேடாமல் இருப்பது தீர்வல்ல. மார்பில் கட்டி என்றால் என்ன, பாதுகாப்புக் கட்டளை எப்படிப் பெறுவது என்று அறிந்துகொள்வது உங்கள் உரிமை. தடம் எங்கே விழுகிறது என்று தெரிந்துகொண்டு தேடுங்கள்.

முதலில், உங்கள் போனில் இருப்பது யாருடைய கூகிள் கணக்கு என்று பாருங்கள். செட்டிங்ஸ் பகுதியில் கூகிள் என்பதைத் தொட்டால் மின்னஞ்சல் முகவரி தெரியும். அது கணவருடையதோ மகனுடையதோ போன் கடைப் பொடியன் போட்டதோ என்றால், நீங்கள் தேடுவது அந்தக் கணக்கைத் திறக்கக்கூடிய வேறு போனிலும் தெரியலாம். உங்களுக்கென்று ஒரு கணக்குத் திறந்து, கடவுச்சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

தேடியவை இரண்டு இடங்களில் சேர்கின்றன. ஒன்று போனிலுள்ள பிரவுசர். மற்றது கூகிள் கணக்கு. ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடத்திலும் அழிந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். கூகிள் செயலியில் மேலே மூலையிலிருக்கும் உங்கள் படத்தைத் தொட்டால் தேடல் வரலாறு வரும். அங்கே ஒவ்வொன்றாகவும் அழிக்கலாம், 3 மாதம், 18 மாதம் அல்லது 36 மாதத்துக்கு மேல் பழையவை தானாக அழியும்படியும் செய்யலாம். யூடியூப் வரலாறு வேறு, அதையும் பாருங்கள். சட்ஜிபிடி போன்றவற்றிடம் கேட்கும் கேள்விகளும் அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகின்றன.

மறைநிலை என்ற முறையில் தேடினால் போனில் வரலாறு தங்காது. ஆனால் இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்கும் நீங்கள் போகும் தளத்துக்கும் நீங்கள் மறைந்தவரல்ல.

வீட்டில் வன்முறை இருக்குமானால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்து வெறுமையாக்கினால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். ஆபத்தான தேடல்களை மட்டும் அழியுங்கள். இல்லாவிட்டால் நம்பிக்கையான ஒருவரின் போனில் தேடுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. மனம் தாங்காத வேளையில் பேசுவதற்கு தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. பேசிய பிறகு அழைப்புப் பட்டியலிலிருந்து அந்த இலக்கத்தை அழிக்க மறக்க வேண்டாம். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது எல்லாச் சமூகப் பெண்களுக்கும் உரியது.

தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. நிறுவனங்கள் எமது விபரங்களை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைப் பற்றியது அது. வீட்டுக்குள் தனிப்பட்ட தேவைக்காக நடப்பவை அதற்குள் அடங்கா. கணவர் மனைவியின் போனைத் திறந்து படிப்பதை அந்தச் சட்டம் வந்து தடுக்காது. அதை மனச்சாட்சிதான் தடுக்க வேண்டும்.

வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள்

இந்த இதழ் சில வீடுகளில் ஆண்களின் கைக்கும் போகும். ஆகவே கணவர்மாருக்கும் காக்காமாருக்கும், உம்மாமாருக்கும் இதைச் சொல்கிறேன்.

உங்கள் மகளின் போனைத் துருவிப் பார்க்க வேண்டாம். தற்செயலாக ஏதாவது கண்ணில் பட்டால், "ஏன்டி இதத் தேடின?" என்று பாய வேண்டாம். அது அவள் செய்த காரியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அவள் யாரிடமும் கேட்க முடியாமல் போன கேள்வி. ஒருவேளை அது அவளுடைய கேள்வியாகவும் இல்லாமல், அவளுடைய சிநேகிதியின் கேள்வியாக இருக்கலாம். உயிரை விடுவதைப் பற்றி ஏதும் கண்டால் மட்டும் தாமதிக்க வேண்டாம். சத்தம் போடாமல் பக்கத்தில் இருங்கள், அவளைத் தனியே விடாதீர்கள், 1926 க்கு அழைத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.

எமது மாமி இப்போது மறுபடியும் வகுப்புக்கு வருகிறார். அவருக்கு ஒரு புதிய கொப்பி வாங்கிக் கொடுத்தேன். நிலையத்து அலுமாரியில் அவருக்கென்று ஒரு தட்டு ஒதுக்கி, திறப்பை அவரிடமே கொடுத்துவிட்டேன். வகுப்பு முடிந்ததும் அவர் தனியாக இருந்து எதையோ எழுதிவிட்டு, கொப்பியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு போவார்.

என்ன எழுதுகிறார் என்று நான் இதுவரை கேட்கவில்லை.